பால் குடுக்கேக்க பச்சை குத்தலாமோ? நான் அலைஞ்சு கேட்ட கதை

போன வருசம் நல்லூர்க் கொடியேற்றத்துக்கு ரொறன்ரோவில இருந்து மச்சாள் வந்து நிண்டவா. எனக்கு அப்ப ஐஞ்சாம் மாசம், வயிறு வெளியால தெரியத் தொடங்கின நேரம். அவாவின்ர இடது கையில ரெண்டு பிள்ளையளின்ர பேரும் தமிழில, மணிக்கட்டில இருந்து முழங்கை மட்டும், சும்மா சொல்லக்கூடாது சரியான வடிவு. நான் அதையே பாத்துக்கொண்டிருக்கிறதைக் கண்டுட்டு "வா, நானே காசு கட்டுறன், நீயும் ஒண்டு குத்து" எண்டா. பிள்ளைக்கு இன்னும் பேர் வைக்கேல்ல, அதால மணிக்கட்டில ஒரு சின்னப் பாதம் குத்துவம் எண்டு ரெண்டு பேரும் பின்னேரம் வெயில் தணிய ஓட்டோ பிடிச்சு வெளிக்கிட்டம், வீட்டில கோயிலுக்கு எண்டு சொல்லிப்போட்டுத்தான்.

ரவுணுக்குள்ள ஒரு மாடிக்கடை. உள்ள இருந்த தம்பி என்னை மேலயும் கீழயும் ஒருக்காப் பாத்துட்டு "அக்கா பிள்ளைத்தாச்சியோ?" எண்டு கேட்டான். ஓம் எண்டன். "அப்ப நான் குத்தமாட்டன் அக்கா, பிள்ளை பிறந்து பால் மறக்கடிச்ச பிறகு வாங்கோ" எண்டு கதையை முடிச்சிட்டான். ஏன் எண்டு கேட்டா "எங்களுக்கு அப்பிடித்தான் பழக்கினது" எண்டு மட்டும் சொன்னான், அதுக்கு மேல ஒரு விளக்கமும் இல்லை. எனக்கு முகம் கறுத்துப்போச்சு. மச்சாள் விடுற ஆள் இல்லைத்தானே, போனில தேடி இன்னொரு இடத்துக்கு எடுத்துக் கேட்டா. அங்க "ஒரு பிரச்சினையும் இல்லை, கையில தானே குத்துறீங்கள், வயித்தில இல்லையே" எண்டு பதில். எனக்கு அந்தப் பதிலைக் கேட்டாப் பிறகுதான் உண்மையா வயித்துக்குள்ள ஒரு மாதிரி வந்தது, கையில ஓடுற இரத்தமும் வயித்தில ஓடுற இரத்தமும் வேற வேற எண்டு நினைக்கிற ஆளிட்ட ஊசியைக் குடுக்கிறதோ எண்டு. போகேல்ல. நேர நல்லூருக்குப் போய்க் கச்சான் வாங்கிக்கொண்டு வீட்ட வந்தம், அந்தளவில பொய்யும் உண்மையாப் போச்சு.

பிள்ளை மார்கழியில பிறந்தா. இப்ப ஏழு மாசம், நல்லாப் பால் குடிக்கிறா, சோறும் பருப்பும் மசிச்சுத் தீத்தத் தொடங்கியாச்சு. ஆடி அமாவாசை வருது, பிறகு கொடியேற்றம், மச்சாள் திரும்ப ரிக்கற் போட்டுட்டா. "இந்த முறை குத்துறம், வயிறும் இல்லை, சாட்டும் இல்லை" எண்டு வட்ஸ்அப்பில மெசேஜ். அதால இந்த முறை நான் வடிவா விசாரிச்சனான், கிளினிக்கில, டொக்டரிட்ட, இன்ரநெற்றில, எங்கட வீட்டுக் குசினியிலயும். ஆளாளுக்கு ஒரு கதை சொல்லிச்சினம், அதில எது சரி எது புழுகு எண்டு பிரிக்கத்தான் இவ்வளவு நாள் எடுத்தது.

முதல் குசினிக் கதை. மாமிக்கு விசயம் கேள்விப்பட்டதும் "மை பாலுக்குள்ள இறங்கும், பிள்ளைக்குப் பால் நீலமாப் போகும்" எண்டு ஒரே பிடி. அம்மா அதுக்கு நேர் எதிர். அவாவின்ர அம்மம்மாவுக்கு முன்னங்கையில தேள் பச்சை இருந்ததாம், ஊருக்கு வந்த குறத்தி ஒருத்தி திண்ணையில இருத்திக் குத்தினதாம், அந்தக் காலத்தில விளக்குக் கரியைத் தாய்ப்பாலில குழைச்சுத்தான் குத்துறதாம். "பாலுக்குள்ள மை போகுமோ எண்டு நீ கேக்கிறாய், அவையள் மைக்குள்ள பாலை விட்டவை" எண்டு அம்மா சிரிக்கிறா. நல்ல பகிடிதான், ஆனா அந்தக் கிழவி பச்சை குத்தினது பன்ரண்டு வயசில, ஏழு பிள்ளை பெத்தது பிறகு. அதோட அண்டைக்கு அந்தத் திண்ணையில எத்தினை பெட்டையளுக்கு அதே ஊசி போச்சுதோ, ஆருக்குத் தெரியும், அதில ஆருக்குப் பிறகு மஞ்சட்காமாலை வந்தது எண்டு எழுதிவைக்க ஒருத்தரும் இல்லை. வராத ஆக்கள்தான் இருந்து கதை சொல்லுவினம்.

மாமியின்ர கதையை முழுக்கச் சிரிச்சுத் தள்ளவும் ஏலாது, அதைத்தான் நான் முதல் தேடினது. ரற்றூ மெசினில ஊசி நிமிசத்துக்கு ஆயிரக்கணக்கான தரம் குத்தும். தோலுக்குள்ள போற ஆழம் ஒண்டு ரெண்டு மில்லிமீற்றர்தான், மேல்தோலைத் தாண்டி ரெண்டாவது படைக்குள்ள மையை இறக்கி விடும். உடம்பு அதை வெளியில இருந்து வந்த சாமான் எண்டு கண்டு, குப்பை அள்ளுற செல்லுகளை அனுப்பும். அதுகள் மையை விழுங்கும், ஆனா செமிக்க ஏலாமல் அப்பிடியே வச்சுக்கொண்டு இருக்கும். 2018 இல பிரான்சில எலிகளில செய்து பாத்த ஒரு ஆராய்ச்சியில, அந்தச் செல் செத்தா மை வெளியில வந்து பக்கத்தில இருக்கிற அடுத்த செல் அதை விழுங்குது எண்டு கண்டுபிடிச்சிருக்கினம். இதை வாசிச்சிட்டு நான் இவருக்குச் சொன்னன், ரற்றூ அழியாமல் இருக்கிறது மை ஒட்டிக்கொண்டு இருக்கிறதால இல்லை, வீட்டில பழைய பித்தளைக் குத்துவிளக்கு மாதிரி தலைமுறை தலைமுறையாக் கை மாறுறதால எண்டு. இவர் நல்லாத்தான் இருக்கு எண்டுட்டுக் கிறிக்கற் பாக்கத் தொடங்கிட்டார்.

எல்லா மையும் அங்கினேக்கையே நிக்குதெண்டும் இல்லை. சின்னச் சின்னத் துணிக்கையள் நிணநீர்க் கணுக்களுக்குப் போகும். கையில குத்தினா கமக்கட்டுக்குள்ள இருக்கிற கணு, அதுவும் மையின்ர நிறத்துக்கு மாறி இருக்கும், செத்த ஆக்களின்ர உடம்பில எடுத்துப் பாத்திருக்கினம். ஆனா பாலுக்குள்ள போறது வேற விசயம். தாயின்ர இரத்தத்தில இருக்கிற சாமான் பாலுக்கு வர வேணும் எண்டா அது சரியான சின்ன மூலக்கூறா இருக்க வேணும், இரத்தம் உறையாமல் இருக்கப் போடுற ஹெப்பரின் மாதிரி பெரிய மூலக்கூறு உள்ள மருந்துகளையே பால் குடுக்கிற தாய்மாருக்குத் தைரியமாப் போடுவினம், பெரிசு எண்டதால பாலுக்கு வராது எண்டு. மைத் துணிக்கை அதை விடக் கனக்கப் பெரிசு. அதால பால் நீலமாகிறதெல்லாம் நடக்கிற காரியம் இல்லை. பழைய ரற்றூ இருக்கிற அம்மாமார் கோடிக்கணக்கில உலகம் முழுக்கப் பால் குடுத்துக்கொண்டுதான் இருக்கினம்.

ஆனா "ஒண்டும் செய்யாது" எண்டு நிரூபிச்ச ஆராய்ச்சி இருக்கோ எண்டு கேட்டா அதுவும் இல்லை. ஆர் செய்யிறது? பிள்ளைத்தாச்சியளைக் கூப்பிட்டு உனக்குக் குத்துறன் உனக்குக் குத்தமாட்டன் எண்டு பிரிச்சுப் பாக்க ஒரு நாட்டிலயும் விடமாட்டினம். கறுப்பு மை எண்டா பெரும்பாலும் கரி, அந்தக் கரியோட புகையில இருக்கிற கூடாத சாமான்களும் கொஞ்சம் வரும், நிற மையளில சிலதில நிக்கல், குரோமியம் மாதிரி உலோகங்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2022 தை மாசத்தில இருந்து ரற்றூ மையில சேர்க்கக்கூடாத இல்லாட்டி அளவுக்கு மேல போகக்கூடாத இரசாயனங்கள் எண்டு 4000 க்கும் மேல ஒரு பட்டியலே போட்டிருக்கு. அங்க அப்பிடி. இஞ்ச கடையில இருக்கிற போத்தில் எங்க செய்தது எண்டு நான் அந்தத் தம்பியிட்டக் கேட்டிருந்தா அவனும் லேபிளைத்தான் வாசிச்சிருப்பான்.

இந்தப் பால் விசயம் அவுஸ்ரேலியாவில நீதிமன்றம் வரைக்கும் போனது தெரியுமோ? 2015 இல. பதினொரு மாசப் பிள்ளைக்குப் பால் குடுக்கிற ஒரு அம்மா, ரற்றூ குத்தி ஒரு மாசம்தான், தகப்பனோட வழக்கு நடந்துகொண்டு இருக்குது, அதில நீதிபதி ஒருத்தர் ரற்றூ குத்தினதால பிள்ளைக்கு நோய் வர வாய்ப்பிருக்கு, இனிப் பால் குடுக்கக்கூடாது எண்டு தடை போட்டுட்டார். அவாவுக்கு ஈரலைத் தாக்கிற ஹெப்பரைற்றிஸ், எச்.ஐ.வி ரெஸ்ற் எல்லாம் செய்து ஒண்டும் இல்லை எண்டு வந்த பிறகும். மேல்முறையீட்டில அந்தத் தடையைத் தூக்கிட்டினம். எனக்கு அதை வாசிக்கச் சரியான கோவம், பால் குடிக்கிற பிள்ளையை ஒரு தாளில கையெழுத்து வச்சு மறக்கடிக்கலாம் எண்டு நினைக்கிற ஆள் ஒரு இரவு எண்டாலும் எங்கட வீட்டில வந்து நிண்டு பாக்க வேணும். ஆனா கோவம் ஆறினாப் பிறகு ஒண்டு விளங்கிச்சு, அந்த நீதிபதி மையைப் பற்றிக் கவலைப்படேல்ல. அவர் கவலைப்பட்டது ஊசியைப் பற்றி.

எங்கட மிட்வைஃப் மிஸ்ஸும் அதைத்தான் சொன்னவா. பிள்ளைக்கு நிறை போடப் போன அண்டைக்கு, சனம் கொஞ்சம் குறைஞ்சாப் பிறகு, மெல்லமாக் கேட்டன். பேசப்போறா எண்டுதான் நினைச்சனான், பேசேல்ல. என்ர பழைய கிளினிக் கார்ட் கையில இருக்கோ எண்டு கேட்டா. இருந்தது, பிள்ளையின்ர புத்தகத்துக்குள்ளயே மடிச்சு வச்சிருந்தனான். அதில இரத்தம் எடுத்த பக்கத்தைத் திறந்து விரலை வச்சா. சிபிலிசுக்குப் பாக்கிற வி.டி.ஆர்.எல் ரெஸ்ற், எச்.ஐ.வி ரெஸ்ற், ரெண்டிலயும் ஒண்டும் இல்லை எண்டு இருக்குது. "திகதியைப் பாருங்கோ பிள்ளை" எண்டா. மூண்டாம் மாசம். "நீங்கள் ரற்றூ குத்தப் போனது எப்ப?" ஐஞ்சாம் மாசம். "அப்ப நீங்கள் அண்டைக்குக் குத்தி அதில ஏதும் தொத்தி இருந்தா, இந்தக் கார்ட் எங்கள் எல்லாருக்கும் ஒண்டும் இல்லை எண்டுதான் சொல்லியிருக்கும். நாங்களும் கார்டை நம்பி இருந்திருப்பம்."

அவ்வளவு காலமும் எனக்கு இது ஓடவே இல்லை. இலங்கையில பிள்ளைத்தாச்சி எண்டு பதிஞ்ச உடன இரத்தம் எடுக்கிறது சும்மா இல்லை, தாயிட்ட இருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வியும் சிபிலிசும் போறதை இல்லாமச் செய்த நாடு எண்டு 2019 மார்கழியில உலக சுகாதார நிறுவனமே எங்களுக்குச் சான்றிதழ் தந்தது. அது வந்தது இந்த மிட்வைஃப்மார் வீடு வீடா சைக்கிளிலயும் ஸ்கூட்டியிலயும் அலைஞ்சு ஒவ்வொருத்தரையும் கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனதாலதான். வேளைக்கே கண்டுபிடிச்சா மருந்து குடுத்துப் பிள்ளைக்குப் போகாமல் தடுக்கலாம். ஆனா ரெஸ்ற் எண்டது ஒரு போட்டோ மாதிரி, எடுத்த நாளுக்கு மட்டும்தான் செல்லும். அதுக்குப் பிறகு போய் ஊசி குத்தினா அந்தத் தாளுக்குப் பெறுமதி இல்லை. இன்னொண்டு, குத்தி அடுத்த கிழமை ஓடிப்போய் ரெஸ்ற் எடுத்தாலும் காட்டாது. எச்.ஐ.வி எண்டா ரெஸ்ற்றின்ர வகையைப் பொறுத்து மூண்டு மாசம் வரைக்கும் பிடிபடாமல் இருக்கலாம், ஹெப்பரைற்றிஸ் பி, சி ரெண்டும் வெளிக்காட்ட ஆறு மாசம் கூட எடுக்கும். ஐஞ்சாம் மாசத்தில குத்தின ஆளுக்கு அந்தக் கணக்குப்படி பிள்ளையே பிறந்திடும்.

பயப்படுத்த எழுதேல்ல. எங்கட நாட்டில எச்.ஐ.வியும் குறைவு, ஹெப்பரைற்றிஸ் பியும் குறைவு, புது ஊசியைக் கண்ணுக்கு முன்னால பிரிச்சுப் போட்டு, கையுறை மாத்தி, மையைச் சின்னக் கோப்பைக்குள்ள தனிய ஊத்திக் குத்துற கடையில தொத்துறது அரிது. ஆனா ஹெப்பரைற்றிஸ் பி கிருமி சரியான முரடு, காய்ஞ்ச இரத்தத்தில வெளியில ஏழு நாள் எண்டாலும் உயிரோட கிடக்கும், மேசையைத் துணியால துடைச்சாப்போல போகாது. அதோட பெரிய ஆக்களுக்கு ஹெப்பரைற்றிஸ் பி வந்தா அநேகமா உடம்பே அதைத் துரத்திவிடும், பிறக்கேக்க தாயிட்ட இருந்து பிள்ளைக்குத் தொத்தினா பத்தில ஒன்பது பிள்ளையளுக்கு அது வாழ்நாள் முழுக்க ஈரலிலயே நிண்டிடும். எங்கட பிள்ளையளுக்கு ரெண்டாம், நாலாம், ஆறாம் மாசத்தில போடுற ஐஞ்சும் சேர்ந்த ஊசிக்குள்ள ஹெப்பரைற்றிஸ் பியும் இருக்கு, ஆனா தாய்க்கு இருக்கெண்டு தெரிஞ்சா பிறந்து 24 மணித்தியாலத்துக்குள்ளயே பிள்ளைக்குத் தனிய ஊசி போட வேணும். தெரிஞ்சாத்தானே போடுறது.

பாலில என்ன போகும் எண்டதையும் மிஸ்ஸிட்டப் பிரிச்சுக் கேட்டனான். எச்.ஐ.வி பாலில போகும், அது உண்மை. ஹெப்பரைற்றிஸ் பி, சி ரெண்டும் பாலால போறதெண்டு இல்லை, சி இருக்கிற தாய்க்கு முலைக்காம்பு வெடிச்சு இரத்தம் வந்தா ஆறும் மட்டும் அந்தப் பக்கம் குடுக்காமல் இருக்கச் சொல்லுவினம். வெடிப்பு எண்டா என்னெண்டு முதல் மாசம் பால் குடுத்த ஆக்களுக்குத் தெரியும், நான் பல்லைக் கடிச்சுக்கொண்டு அழுத நாள் எல்லாம் இருக்கு, அதைப் பற்றி வேற ஒருநாள் எழுதுறன்.

பெரிய நோய் எல்லாம் வேண்டாம், சாதாரணக் கிருமியே காணும். ரற்றூ எண்டது ஆறுற புண்தான், மேலால ஆற ரெண்டு மூண்டு கிழமை எடுக்கும். 2011 கடைசியில அமெரிக்காவில ரொச்செஸ்ரர் எண்ட ஊரில 19 பேருக்கு ரற்றூ குத்தின இடத்தில சிவப்புச் சிவப்பாக் கட்டி வந்தது, தேடிக்கொண்டு போனா குத்தின ஆளில பிழை இல்லை, ஊசியிலயும் பிழை இல்லை, சாம்பல் நிற மைக்குள்ளயே தண்ணியில வாழுற ஒரு கிருமி இருந்திருக்கு, போத்தில் திறக்க முதலே. அதை மாத்த மாசக்கணக்கில அன்ரிபயோற்றிக் குளிசை போட வேணும். பிள்ளைத்தாச்சிக்கு எல்லாக் குளிசையும் குடுக்க ஏலாது, டெட்ராசைக்ளின் வகையெல்லாம் வயித்தில இருக்கிற பிள்ளையின்ர பல்லைப் பழுதாக்கும் எண்டு விலக்குவினம். நோக்காட்டுக்கும் பிள்ளைத்தாச்சிக்கு மிஞ்சிறது அநேகமாப் பனடோல் மட்டும்தான்.

ஆறுற அந்த ரெண்டு மூண்டு கிழமையை நான் என்ர வீட்டில வச்சு யோசிச்சுப் பாத்தன். எங்கட பிள்ளை பால் குடிக்கேக்க ஒரு கையால என்ர மணிக்கட்டைப் பிடிச்சுக்கொண்டுதான் குடிக்கிறவா, நகம் எவ்வளவு வெட்டினாலும் விறாண்டுவா. சளி பிடிச்ச மூக்கைத் துடைக்கிறதும் என்ர கையிலதான், கக்கா கழுவுறதும் அதே கையாலதான், ஒரு நாளைக்கு எத்தினை தரம். அந்தக் கையில புதுப்புண்ணை வச்சுக்கொண்டு அதைக் காய்ஞ்சபடி சுத்தமா வச்சிருங்கோ எண்டா எப்பிடி? ஆடி அமாவாசைக்கு அம்மாவோட கீரிமலைக்குப் போறது வழக்கம், புதுரற்றூவோட கேணிக்குள்ள இறங்கேலாது, கடலுக்குள்ளயும் இறங்கேலாது. நித்திரை இல்லாத உடம்பு எண்டா காயமும் மெல்லத்தான் ஆறும், பத்தியக்கறியும் பால்சுறா வறையும் எவ்வளவு திண்டாலும் நித்திரை நித்திரைதான்.

கையை மரக்கப்பண்ணிற கிறீமைப் பற்றி ஒரு சொல். மச்சாள் "நோகாது, கிறீம் பூசிக் குத்துவினம்" எண்டு சொன்னவா. அதுக்குள்ள இருக்கிறது லிடோகெயின். பல்லுக் கழட்டேக்க ஊசியாப் போடுறதும் அதே வகைதான், அளவோட எண்டா பால் குடுக்கிற ஆக்களுக்கும் பிரச்சினை இல்லை. ஆனா ரற்றூக்கு எண்டு விக்கிற சில கிறீமில அளவுக்கு மேல கலந்திருக்கு எண்டு 2024 பங்குனியில அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் எச்சரிக்கை விட்டது, பெரிய இடத்தில தடவி பிளாஸ்ரிக் கடதாசி சுத்தி மூடினா இரத்தத்துக்குள்ள கூடப் போய் இதயத்துடிப்பே குழம்பலாமாம். லேபிள் இல்லாத டப்பாவை ஆரும் பூச வந்தா வேண்டாம் எண்டு சொல்லுங்கோ, பிள்ளைத்தாச்சியோ இல்லையோ.

வயித்தில, இடுப்பில குத்துறதைப் பற்றியும் கனபேர் கேக்கிறவை. வயிறு இழுபட்டுச் சுருங்கினாப் பிறகு பூ எண்டு குத்தினது பூசணிக்காய் மாதிரி வரும், அவ்வளவுதான். நடு இடுப்பில பழைய ரற்றூ இருந்தா சீசருக்கு முதுகில ஊசி போடமாட்டினம் எண்டு ஒரு கதை உலாவுது, என்ர கூடப்படிச்சவள் ஒருத்தி அதுக்குப் பயந்தே லண்டனில ஆறு மாசம் நித்திரை கொள்ளாமல் திரிஞ்சவள். 2002 இல கனடாவில மயக்க மருந்து டொக்டர்மார் இதை ஆராய்ஞ்சு எழுதினவை, ஊசியோட மைத்துண்டு உள்ள போனா என்ன ஆகும் எண்டு யோசிச்சுத்தான் பயந்தவை, அப்பிடி ஒருத்தருக்குத் தீங்கு வந்ததெண்டு நிரூபணம் இல்லை. மை இல்லாத இடமாப் பாத்துக் குத்துவினம், இடம் கிடைக்காட்டி மேல்தோலை ஒரு துளி வெட்டிட்டுக் குத்துவினம். ஆறாத புதுரற்றூ எண்டா அது வேற கதை, புண்ணுக்குள்ளால முள்ளந்தண்டுக்கு ஊசி விடேலாது. அவளுக்கு ஒரு பிரச்சினையும் இல்லாமல் ஊசி போட்டு ஆம்பிளைப்பிள்ளை பிறந்தது, வண்ணத்துப்பூச்சி இன்னும் இடுப்பில இருக்கு.

அப்ப ரற்றூவுக்குப் பதிலா மருதோன்றி போடுவம் எண்டு தங்கச்சி சொன்னாள். நல்ல யோசினைதான், வீட்டு வேலியில நிக்கிற மருதோன்றியை அரைச்சுப் போட்டா பெரிய ஆக்களுக்கு அநேகமா ஒண்டும் இல்லை. இப்ப எங்கட ஆக்களும் இந்தியன் சீரியலைப் பாத்து வளைகாப்பு வைக்கத் தொடங்கிட்டினம், அம்மாவின்ர காலத்தில எங்கட வீட்டில இப்பிடி ஒரு சடங்கே இல்லை, கை ரெண்டும் மெகந்தி போட்டு அல்பம் அடிக்கிறது. போடட்டும். ஆனா அரை மணித்தியாலத்தில கறுகறு எண்டு கறுக்கிற கோனை மட்டும் தொடாதேங்கோ. மருதோன்றி ஒருநாளும் கறுக்காது, செம்மண் நிறத்திலதான் பிடிக்கும், கறுப்பு எண்டா அதுக்குள்ள தலைக்குப் பூசுற டையில இருக்கிற பி.பி.டி எண்ட சாமானைக் கலந்திருக்கினம். எங்கட ஒழுங்கையில ஒரு பிள்ளைக்குச் சாமத்தியவீட்டுக்குப் போட்டுக் கோலம் கோலமாக் கொப்பளிச்சு, அந்தக் கோலம் தழும்பாவே நிண்டிட்டுது. ஒருக்கா அந்த ஒவ்வாமை வந்தா பிறகு வாழ்நாள் முழுக்க பி.பி.டி உள்ள டையைத் தலைக்கு அடிக்கேலாது. பச்சைப்பிள்ளையளின்ர கைக்கு நல்ல மருதோன்றி கூட வேண்டாம், ஜி6பிடி எண்ட பிறவிக் குறைபாடு உள்ள பிள்ளை எண்டா அதால இரத்தம் உடைஞ்சு கடுமையாப் போகலாம், இருக்கோ இல்லையோ எண்டு பாத்தாத் தெரியாது.

எல்லாத்தையும் எழுதினனான், முக்கியமான ஒராளை விட்டிட்டன். நான் இதைப் பற்றி விசாரிக்கிறன் எண்டு தெரிஞ்சு என்னோட வேலை செய்த பிள்ளை ஒண்டு போன கிழமை இரவு பதினொரு மணிக்கு மெசேஜ் போட்டிருந்தது. கொழும்புக்குப் போன இடத்தில தோளில சின்னதா ஒண்டு குத்தியிருக்கு, குத்தி ரெண்டு கிழமையில பாத்தா நாள் தள்ளிப்போயிருக்கு, கலியாணமாகி நாலு வருசம் காத்திருந்து வந்த பிள்ளை. "அக்கா நான் பிள்ளையைப் பழுதாக்கிட்டனோ, அழிக்கவோ?" எண்டு கேட்டிருந்தது. எனக்கு அதை வாசிக்கக் கை நடுங்கிச்சு. பிள்ளையையோ ரற்றூவையோ அழிக்கக் கேக்கிறா எண்டும் முதல் விளங்கேல்ல. உடன எடுத்துக் கதைச்சன். ரற்றூவைத்தான் கேட்டிருக்கிறா, லேசரால. லேசர் இப்ப வேண்டவே வேண்டாம், அது மையைச் சுக்குநூறா உடைச்சு உடம்புக்குள்ள விடுற வேலை, பிள்ளை வயித்தில இருக்கேக்க அவசரமில்லாத லேசர் ஒண்டும் செய்யிறேல்ல.

அடுத்த நாள் நானும் கூடப்போனன். அங்க டொக்டர் அம்மா ஆறுதலாக் கேட்டுட்டு, சிரிச்சு, "தோள் ஆறிட்டுது, காய்ச்சல் இல்லை, வீக்கம் இல்லை, ரற்றூ குத்தினதால பிள்ளை அங்கவீனமாப் பிறந்தது எண்டு நாங்கள் காணேல்ல" எண்டா. எப்ப குத்தினது எண்டு திகதியோட கார்டில எழுதினவா. வழமையா எடுக்கிற இரத்தத்தோட ஹெப்பரைற்றிஸ் ரெண்டையும் சேர்த்து எழுதி, மூண்டு மாசத்தால ஒருக்காத் திரும்ப எடுக்கவும் சொன்னா. அவ்வளவுதான், ஐஞ்சு நிமிசம். அந்தப் பிள்ளை ரெண்டு கிழமை சாப்பிடாமல் இருந்தது இந்த ஐஞ்சு நிமிசத்தைக் கேக்க வெக்கப்பட்டு, பேசுவினம் எண்டு. குத்திட்டு இருக்கிற ஆக்கள் ஆரும் இதை வாசிச்சா, போய்ச் சொல்லுங்கோ, மறைச்சாத்தான் கார்ட் பொய் சொல்லும். பால் குடுக்கிற ஆக்கள் குத்திட்டு வந்து பயத்தில பாலை நிப்பாட்டவும் வேண்டாம், குத்தின இடம் சிவந்து வீங்கி சூடா இருந்தா, காய்ச்சல் காய்ஞ்சா டொக்டரிட்டப் போங்கோ, அவையள் பால் குடுத்துக்கொண்டே போடக்கூடிய மருந்தாத் தருவினம்.

மச்சாளுக்கு நான் பதில் போட்டன், இந்த வருசமும் இல்லை எண்டு. பிள்ளை பால் மறந்தாப் பிறகு, அதுவும் அந்த முதல் கடைத் தம்பியிட்டத்தான், அவன் காரணம் சொல்லத் தெரியாட்டியும் வருமானத்தை விட்டுட்டு என்னைத் திருப்பி அனுப்பினவன். அதுக்கு முதல் நானும் போய் ஹெப்பரைற்றிஸ் பி ஊசியைப் போட்டுக்கொள்ளப்போறன், மூண்டு தரம் போட வேணும், ஆறு மாசம் எடுக்கும், கணக்குச் சரியா வரும். மச்சாளுக்குக் கொஞ்சம் மனவருத்தம்தான், அந்தக் காசுக்குப் பிள்ளைக்குச் சங்கிலி வாங்கித் தாறன் எண்டு எழுதியிருக்கிறா, இண்டைக்கு விக்கிற பவுண் விலைக்கு ரற்றூக் காசில என்ன சங்கிலி வாங்கப்போறாவோ தெரியாது.

இவருக்கு இதெல்லாம் பெரிய விசயமாவே படேல்ல. "குத்திறதைப் பிறகு பாப்பம், முதல்ல பேரில வாறது மூண்டு சுழி ணவோ ரெண்டு சுழி னவோ எண்டு முடிவெடுங்கோ" எண்டுறார். பிறப்புச் சாட்சிப்பத்திரத்தில ஒண்டு, சாத்திரியார் எழுதித் தந்ததில ஒண்டு, மாமி கேக்கில எழுதுவிச்சதில இன்னொண்டு.